வான் முற்றம்: முதலில் கால், பிறகு குழாய்

2025 செப்டம்பர் 7ஆம் திகதி இரவு முழுச் சந்திர கிரகணத்தைப் பார்த்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: தொலைகாட்டி வாங்க ஆசை, எதை வாங்குவது? ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மாஸ்டர், எனக்கு வங்கியில் வேலை. என்னிடம் கெனன் கமராவும் அதோடு வந்த 18–55 வில்லையும் இருக்கின்றன. கிரகணத்தை அதில் எடுத்தபோது சந்திரன் ஒரு மிளகளவுதான் விழுந்தது. 80 மில்லிமீற்றர் முறிவுத் தொலைகாட்டி ஒன்றை வாங்கலாமா? கண்ணாலும் பார்க்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும். ஒன்றரை வருடமாகச் சேர்த்த காசு, ஒரு தடவைதான் செலவழிக்க முடியும்.
– வாசகர், கல்லடி

தம்பி, குழாய் இரண்டுக்கும் உதவும். அதைத் தாங்கி நிற்கும் மவுண்ட்தான் இரண்டுக்கும் ஒரேயளவில் உதவாது. உங்கள் கடிதத்தில் குழாயைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. மவுண்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வானம் ஒரு செக்கனுக்கு 15 விகலை நகர்கிறது (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கே ஒரு விகலை). 420 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள சிறிய தொலைகாட்டியில் உங்கள் கமராவைப் பொருத்தினால், படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 1.8 விகலைக்குச் சமம். அதாவது அசையாத முக்காலியில் ஒரு செக்கன் திறந்து வைத்தாலே நட்சத்திரம் எட்டுப் புள்ளி நீளத்துக்குக் கோடாகிவிடும். சந்திரனுக்கு இது தடையில்லை. செக்கனில் நூற்றிலொரு பங்கு நேரமே அதற்குப் போதும். ஆனால் ஓரியன் நெபுலா என்ற வாயுமேகத்துக்கும் அந்திரொமீடா என்ற விண்மீன் பேரடைக்கும் முப்பது செக்கன், ஒரு நிமிடம் என்று நூறு படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பூமியின் சுழற்சிக்கு எதிராக, அதே வேகத்தில் திரும்பும் மோட்டார் மவுண்ட் இல்லாமல் அது நடக்காது. கண்ணால் பார்ப்பவருக்கோ அந்த மோட்டார் அவசியமே இல்லை. மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளும் எளிய தாங்கி ஒன்று, ஆடாமல் நின்றால் போதும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன். 2012இல் வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரிடம் சொல்லி, 102 மில்லிமீற்றர் விட்டமும் 500 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உள்ள சாதாரண முறிவுத் தொலைகாட்டி ஒன்றை வரவழைத்தேன். பெரியது என்பதால் நல்லது என்று நம்பினேன். காசு முழுவதும் குழாய்க்கே போனதால் மெலிந்த முக்காலியோடு சமாளிக்க வேண்டியதாயிற்று. கடற்காற்று ஒரு தடவை வீசினால் வியாழன் பார்வைப் புலத்தை விட்டு ஓடி, திரும்பி வந்து, அடங்க ஐந்தாறு செக்கன் ஆகும். கமராவைப் பொருத்தியபோது அடுத்த குறையும் தெரிந்தது: பிரகாசமான ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஊதா நிற வளையம். ரோகிணியின் செம்மையே தெரியவில்லை. அந்த வருடம் முழுவதும் உருப்படியாக ஒரு படம் கூட எடுக்க முடியாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அந்த ஊதா எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால், வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது விளங்கும். கண்ணாடி வழியே போகும் ஒளியில் நீலம் கூடுதலாகவும் சிவப்பு குறைவாகவும் முறிவடையும். ஆகவே நிறங்கள் ஒரே இடத்தில் குவிவதில்லை. இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இதைச் சரிசெய்யும் பொருள்வில்லைக்கு (குழாயின் முன்வில்லைக்கு) 1758இல் இலண்டனில் ஜோன் டொலண்ட் காப்புரிமை பெற்றார். இன்றும் மலிவான முறிவுத் தொலைகாட்டிகளில் இருப்பது அந்த இரட்டை வில்லைதான். அது இரண்டு நிறங்களை ஒன்றுசேர்க்கும், ஊதாவை விட்டுவிடும். நிலவையும் நட்சத்திரக் கொத்துகளையும் பார்க்கும் கண் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், கமரா பொறுக்காது. ‘ஈடி’ என்று எழுதியிருக்கும் குழாய்களில் ஒரு வில்லை குறைந்த நிறப்பிரிகையுள்ள விசேட கண்ணாடியால் ஆனது. எஃப்பிஎல்-51, எஃப்பிஎல்-53 என்பவை அவற்றின் பெயர்கள், இரண்டாவது உயர்ந்தது. படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஈடி இல்லாத குழாயை வாங்காதீர்கள்.

அளவைப் பற்றி ஒரு சொல். 80 மில்லிமீற்றர் குழாய் 72 மில்லிமீற்றரை விட ஏறக்குறைய கால் பங்கு கூடுதலான ஒளியைச் சேர்க்கும். கண்ணுக்கு அது சிறிய வேறுபாடு. ஆனால் குழாய் நீண்டு எடை கூடும்போது, தாங்கும் மவுண்டின் விலை பாய்ந்து ஏறும். ஆகவே உங்களுக்கு என் தெரிவு 70 அல்லது 72 மில்லிமீற்றர் ஈடி. ஸ்கைவாச்சர் எவோஸ்டார் 72ஈடி (குவியத்தூரம் 420 மில்லிமீற்றர்) அந்த வகையில் ஒன்று. உங்கள் கமராவில் அது மூன்று பாகை அகலமும் இரண்டு பாகை உயரமும் உள்ள வானத்தைத் தரும். கார்த்திகை நட்சத்திரக் கொத்து முழுவதும் அடங்கும், அந்திரொமீடா மூலைக்கு மூலை நிறையும். கண்ணுக்கு 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு (கண் வைக்கும் சிறு வில்லை) வைத்தால் 17 மடங்கு, 5 மில்லிமீற்றர் வைத்தால் 84 மடங்கு. 84 மடங்கில் சனியின் வளையம் கோளிலிருந்து பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். வியாழனின் நான்கு நிலவுகளுக்கு 17 மடங்கே போதும்.

மவுண்டுக்கு வருவோம். எத்தனை கிலோ தாங்கும் என்று விற்பவர் சொல்லும் எண்ணில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கைத்தான் படமெடுக்கப் பயன்படுத்த வேண்டும். ஸ்டார் அட்வென்சரர் ஜிடிஐ போன்ற சிறிய மவுண்ட் 5 கிலோ தாங்கும். 72 மில்லிமீற்றர் குழாயும் கமராவும் அதற்குச் சரியான சுமை. 80 மில்லிமீற்றருக்கு மேல் போனால் அந்த நிம்மதி போய்விடும்.

குழாய்க்கும் மவுண்டுக்கும் சேர்த்துக் காசு போதாவிட்டால் மவுண்டை முதலில் வாங்குங்கள். உங்களிடமுள்ள வில்லையை 35 மில்லிமீற்றரில் வைத்து அதன்மேல் பொருத்தினாலே பால்வீதியின் கருமேகங்கள் படத்தில் எழும். கண்ணுக்கு அதுவரை ஒரு 10×50 இருகண் நோக்கி (பத்து மடங்கு, 50 மில்லிமீற்றர் வில்லை). குழாய் அடுத்த வருடம் வரட்டும். குழாயோடு மூலைகளில் நட்சத்திரங்கள் நீளாமல் தடுக்கும் சமப்படுத்தும் வில்லையும், கமராவைப் பொருத்தும் டீ-வளையமும் தேவைப்படும். விலை கேட்கும்போது அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கப் பட்டியலில் தொலைகாட்டிகள் 9005 என்ற தலைப்பின் கீழ் வரும். அந்த இலக்கத்தைச் சொல்லி அன்றைய வரியை விசாரித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நெபுலா கண்ணுக்கு ஒருபோதும் சிவப்பாகத் தெரியாது. முத்துச்சிப்பியின் உட்புறம் போன்ற சாம்பல் ஒளிதான் தெரியும். படம் வேறு, பார்வை வேறு. ஓரியன் நெபுலாவிலிருந்து 1,300 ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்த ஒளி நேரே உங்கள் விழித்திரையில் விழுகிறது. அந்த அனுபவத்தைப் படம் தராது.

சேர், மகன் ஒன்பதாம் வகுப்பு. கடையில் 525 மடங்கு பெருப்பிக்கும் தொலைகாட்டி என்று ஒரு பெட்டி இருக்கிறது. அறுபது மில்லிமீற்றராம். வாங்கிக் கொடுக்கட்டுமா?
– ஒரு தாய், அக்கரைப்பற்று

வேண்டாம் தங்கச்சி. அந்த 525 எப்படி வந்தது என்று பாருங்கள். பெட்டியில் குவியத்தூரம் 700 மில்லிமீற்றர் என்று இருக்கும். 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டால் வகுத்தால் 175. கூடவே தரும் மும்மடங்கு வில்லையால் பெருக்கினால் 525. கணக்குச் சரி, ஆனால் ஒளி இல்லை. ஒரு மில்லிமீற்றர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே தொலைகாட்டியின் எல்லை. 60 மில்லிமீற்றருக்கு 120. அதற்கு மேல் போனால் மங்கிய, ஆடுகின்ற ஒரு பூச்சுத்தான் தெரியும். பிள்ளை இரண்டு இரவு முயன்று பார்த்துவிட்டு, தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். என் வகுப்பறையில் அப்படிச் சோர்ந்துபோன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அதே காசுக்கு 10×50 இருகண் நோக்கி வாங்கிக் கொடுங்கள். யாராவது ஏற்கெனவே அந்தப் பெட்டியை வாங்கியிருந்தால் வீசவும் வேண்டாம்: 20 மில்லிமீற்றர் பார்வைத்துண்டை மட்டும் வைத்து 35 மடங்கில் பாருங்கள், முக்காலியின் நடுவே ஒரு மணல் பையைத் தொங்கவிடுங்கள், மும்மடங்கு வில்லையைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். சந்திரனைப் பௌர்ணமியில் பார்க்க வேண்டாம், அன்று நிழல்கள் இல்லை. வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் மலைகளும் பள்ளங்களும் நீண்ட நிழலோடு எழும். மகனுக்கு அதை முதலில் காட்டுங்கள்.

ஈக்குவடோரியல் மவுண்ட் வாங்கினேன். துருவ நட்சத்திரத்தைக் குறிவைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வளவிலிருந்து அது தெரிவதே இல்லை. என்ன செய்வது?
– வாசகர், வாழைச்சேனை

இதை வெளிநாட்டு வழிகாட்டிகள் எழுதுவதில்லை. அவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஈக்குவடோரியல் மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, வானின் துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். அதற்கு அடையாளம்தான் துருவ நட்சத்திரம். அது எந்த ஊரிலும் அந்த ஊரின் அகலக்கோட்டு அளவு உயரத்தில்தான் நிற்கும். இலண்டனில் 51 பாகை. வாழைச்சேனையில் எட்டுப் பாகை கூட இல்லை. கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அது பத்துப் பாகை. அந்த முட்டிக்குள்ளேயே தென்னந்தோப்பு, கடற்புகார், அயல் வீட்டுக் கூரை எல்லாம் அடங்கிவிடும்.

மவுண்டை வாங்குமுன்பே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: அதன் அச்சு எத்தனை பாகை வரை தாழும்? சில மவுண்ட்கள் 15, 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அவை நமக்குப் பயனில்லை. இறங்கும் மவுண்டிலும் அச்சு ஏறக்குறையக் கிடையாகப் படுத்துவிடுவதால் எதிரெடைக் கம்பி முக்காலியின் காலில் முட்டும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் இடையே உயர நீட்டும் குழாயொன்றைப் பொருத்தினால் அது தீரும்.

துருவத்தைக் குறிவைக்க அந்த நட்சத்திரம் தேவையே இல்லை. முதலில் நீர்மட்டக் குழாயால் முக்காலியைச் சமப்படுத்தி, திசைகாட்டியால் வடக்கே திருப்பி, உயர அளவை எட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இவ்வளவில் பிழை அரைப் பாகைக்குள் வந்துவிட்டால், 30 செக்கனில் நட்சத்திரம் கூடியது நான்கு விகலை நகரும். 50 மில்லிமீற்றர் வில்லையில் அது தெரியவே தெரியாது. தொலைகாட்டிக்கு மேலும் திருத்த வேண்டும். உச்சி வானத்தில், வடக்கையும் தெற்கையும் இணைக்கும் கோட்டுக்கு அருகே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். அது வடக்கே அல்லது தெற்கே நழுவினால் மவுண்டின் திசை பிழை. இடம் வலமாகச் சற்றுத் திருப்புங்கள். பிறகு கிழக்கே தாழ்ந்த ஒரு நட்சத்திரம். அது நழுவினால் உயரம் பிழை. இரண்டையும் மாறி மாறிச் செய்ய எனக்கு முதலில் ஒரு மணித்தியாலம் ஆனது, இப்போது இருபது நிமிடம். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுத்துப் பிழையைக் கணிக்கும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதற்கும் துருவ நட்சத்திரம் வேண்டியதில்லை.

பழைய தொலைகாட்டி ஒன்று கிடைத்தது. வில்லையில் வெள்ளை நூல் போலப் படர்ந்திருக்கிறது. அரிசி வாளிக்குள் வைத்தால் போகுமா?
– வாசகர், காத்தான்குடி

அது பூஞ்சை, சகோதரரே. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நம் எல்லோருடைய வில்லைகளுக்கும் அதுதான் எதிரி. அரிசி வேண்டாம். அது ஈரத்தைச் சிறிதளவே உறிஞ்சும், அதன் மாத்தூள் வில்லையில் ஒட்டிப் பூஞ்சைக்குத் தீனியாகும். பூஞ்சை வெளிப்புறத்தில் இருந்தால் வில்லை துடைக்கும் திரவத்தை மென்தாளில் நனைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைத்து எடுக்கலாம். இரண்டு வில்லைகளுக்கு இடையில் இருந்தால் தயவுசெய்து கழற்றாதீர்கள். அவற்றின் ஒழுங்கும் இடைவெளியும் சற்றுப் பிசகினாலும் கூர்மை திரும்பி வராது. மெல்லிய நூல்கள் பார்வையைப் பெரிதாகக் கெடுப்பதுமில்லை.

மேலும் பரவாமல் தடுப்பதுதான் முக்கியம். றப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரம் குடித்து நிறம் மாறியதும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். இரவு பார்த்து முடித்ததும் பனி படிந்த வில்லையை உடனே மூடி இறுக்குவதுதான் நம்மவர் செய்யும் பெரிய தவறு. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணித்தியாலம் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். பனி படியாமலே இருக்க, குழாயின் வாயைச் சுற்றிக் கட்டும் யூஎஸ்பி சூட்டுப் பட்டி கிடைக்கிறது. கைத்தொலைபேசிக்கான மின்வங்கியே அதற்குப் போதும். என்னைக் கேட்டால் இரண்டாவது பார்வைத்துண்டுக்கு முன்பே இதை வாங்க வேண்டும்.

கண் வைக்க இடமே இல்லாத ‘சீஸ்டார்’ தொலைகாட்டி நல்லதா?
– வாசகி, அம்பாறை

நல்லது, ஆனால் அது பார்க்கும் கருவியல்ல. அதன் எஸ்50 வகையில் 50 மில்லிமீற்றர் வில்லை, 250 மில்லிமீற்றர் குவியத்தூரம், உள்ளேயே கமரா, மோட்டார், பற்றரி. கைத்தொலைபேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் படமெடுக்கும். படம் மட்டும் போதும் என்பவருக்கு, நான் மேலே சொன்ன அத்தனை சிரமத்தையும் அது நீக்கிவிடும். வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு திரையில் பார்க்கவும் ஏற்றது. சனியைப் பார்க்க ஆசை என்றால் வேண்டாம், அங்கே அது ஒரு சின்னப் புள்ளி.

சூரியப் புள்ளிகளைப் பார்க்கப் பார்வைத்துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி தந்திருக்கிறார்கள். பாவிக்கலாமா?
– மாணவர், கல்முனை

அதை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள் மகன். பொருள்வில்லை குவிக்கும் வெயில் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில் விழும். அது வெடிக்கும் கணத்தில் உங்கள் கண் அங்கே இருக்கும். சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயை முழுவதும் மூட வேண்டும். அதற்கென்றே செய்த சூரியத் தாள் விற்கிறார்கள். குறிபார்க்கும் சிறு குழாயையும் மூடுங்கள். 2019 டிசம்பர் 26இல் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வளையமாகத் தெரிந்த கிரகணம் இங்கே பகுதியாகத் தெரிந்தது. அன்று எக்ஸ்ரே படத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளிடமிருந்து அதை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். எக்ஸ்ரே படமும் பாதுகாப்பல்ல.

எங்கே, எந்த மாதத்தில் பார்ப்பது? எங்கள் பக்கம் இப்போது எங்கும் தெருவிளக்கு.
– வாசகர், களுவாஞ்சிகுடி

1978 நவம்பர் 23இல் சூறாவளி அடித்தபோது எனக்குப் பதினான்கு வயது. தென்னைகள் எல்லாம் தலையிழந்து நின்றன, மின்சாரம் திரும்ப வெகுநாள் ஆனது. மழை ஓய்ந்த முதல் இரவு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். அதுவரை ஓலைகளுக்கிடையில் துண்டு துண்டாகக் கண்ட வானம் முழுதாகத் திறந்து கிடந்தது. அழிவுக்கு நடுவே அப்பா, அகத்தியர் என்று தெற்கே ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார். நான் வானம் பார்க்கத் தொடங்கியது அன்றுதான். பின்னர் போர்க்காலத்தில், இரவில் முக்காலியின்மேல் நீண்ட குழாயை நிறுத்தும் துணிவு இங்கே எவருக்கும் இருக்கவில்லை. இன்று அந்தத் தடை இல்லை. தெருவிளக்கைச் சுற்றி நடந்தாலே போதும்.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் வெளிச்சம் கூடிவிட்டது உண்மை. கிழக்கே கடல் இருட்டாக இருப்பது நமக்குக் கிடைத்த வரம். கரையில் விளக்குக்கு முதுகு காட்டி நில்லுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்வெளிகள் இன்னும் இருள், ஆனால் யானை வரும் இடங்களுக்கு இரவில் தனியே போக வேண்டாம். அங்கே உறவினர் இருந்தால் அவர்கள் வீட்டு முற்றத்தைக் கேளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், கருவியைப் பெட்டியில் வைத்துப் பேணும் காலம். பெப்ரவரிக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நமது பருவம். கல்லடிப் பாலத்தடியில் மீன்கள் பாடுவதைக் கேட்பவர்கள் பௌர்ணமிக்குக் காத்திருப்பார்கள், நாம் அமாவாசைக்கு.

மே மாத நடுவில் வாருங்கள். இரவு ஒன்பது மணியளவில் திரிசங்கு (தென்சிலுவை) நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். ஒரு மணித்தியாலம் கழித்து அதற்கு மேலே சற்று இடப்புறம், அடிவானத்திலிருந்து 35 பாகை உயரத்தில் இருகண் நோக்கியால் தேடுங்கள். மங்கிய பஞ்சுருண்டை ஒன்று தென்படும். அது ஒமேகா சென்டோரி, இலட்சக்கணக்கான சூரியன்களின் கொத்து. இலண்டனிலிருந்து அதைக் காணவே முடியாது. 72 மில்லிமீற்றர் குழாயில் 60 மடங்குக்கு ஏற்றி, ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் ஓரங்கள் மணல்மணியாக உதிரத் தொடங்கும்.